சோப்பு டப்பாக்காரன் எழுதுவது

ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மண்டப வாசலில் என்னிடம் இருந்த, ஓடை மணலில் தங்கம் அரிக்கிற லேசான பிளாஸ்டிக் பெட்டியை அண்ணன் கிண்டல் செய்து, படத்தையும் இங்கே போட்டார். படத்தைப் பார்த்தாயிற்று, சிரிப்பும் போட்டாயிற்று. சிரித்தவர்களில் என் சொந்தச் சகலையும் ஒருவர், குறித்து வைத்திருக்கிறேன். அதனால் முழுக் கதையைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. "இது தங்கம் அரிக்கிற பெட்டியா, சோப்பு டப்பாவா?" என்று அண்ணன் கேட்டாரே, அதற்கு மட்டும் பதில். அங்கேயே சொல்லியிருக்கலாம். கையில் சுடச்சுடப் பொங்கல் தொன்னையை வைத்துக்கொண்டு வாதாட முடியவில்லை.

பெட்டியின் கனம் தங்கத்தைப் பிடிக்காது. தண்ணீர்தான் பிடிக்கும்.

தண்ணீர் 1 என்றால் தங்கத்தின் அடர்த்தி 19.3. சாதாரண மணல் 2.65. அரிக்கிற தட்டில் கடைசிவரை ஒட்டிக்கொண்டு உயிரை வாங்குகிற கருமணலே 5 சொச்சம்தான். ஓடும் தண்ணீரில் குறுக்குப் பட்டைகளை வைத்தால் ஒவ்வொரு பட்டைக்குப் பின்னாலும் ஒரு சின்னச் சுழி உண்டாகும். கனமானது அதில் விழும், லேசானது அடித்துக்கொண்டு போகும். ஸ்லூயிஸ் பெட்டி செய்கிற வேலை இவ்வளவுதான். அடிக்கு ஒரு அங்குலம் சாய்வு வைத்து ஆரம்பித்து, பிறகு கண்ணால் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். பட்டைகளுக்குப் பின்னால் ஒன்றுமே தங்காமல் பளிச்சென்று கிடந்தால் ஓட்டம் அதிகம். மணல் மூடிப் பட்டையே தெரியவில்லை என்றால் ஓட்டம் போதாது. இதில் அலுமினியமா பிளாஸ்டிக்கா என்று தண்ணீர் கேட்பதில்லை.

என் அப்பத்தாவிடம் அரிக்கஞ்சட்டி ஒன்று இருந்தது. மண்சட்டி, உள்பக்கம் முழுக்க வரிவரியாக இருக்கும். அரிசியைப் போட்டுத் தண்ணீரோடு ஆட்டி ஆட்டி அடுத்த சட்டியில் சாய்ப்பார். அரிசி போய்விடும், கல் அந்த வரிகளில் நிற்கும். பெட்டியை முதன்முதலில் பிரித்துப் பார்த்தபோது அந்தச் சட்டிதான் ஞாபகம் வந்தது. கல்யாணச் சீராகப் பித்தளையிலும் ஒன்று வந்ததாம். பரணிலேயே கிடந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "அதை யாரு தூக்கி ஆட்டுறது?" என்றார். அண்ணன் இருந்திருந்தால் அப்பத்தாவுக்கும் வகுப்பு எடுத்திருப்பார்.

நாலு அடி அலுமினியப் பெட்டி நான் பார்க்காதது இல்லை. முந்தின டிசம்பரில் மெல்போர்ன் போனபோது தம்பியின் பக்கத்து வீட்டுக்காரர் இரவல் கொடுத்தார். ஆறு கிலோ. ஆறு கிலோ ஒரு கனமா என்பீர்கள். மண்வெட்டி, சல்லடை, வாளி, தண்ணீர் பாட்டில், அதோடு பல்லாரட் பக்கத்து வெயிலில் இரண்டு கிலோமீட்டர் சரிவில் இறங்கிப் பாருங்கள். இறங்கினால் ஓடையில் கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. அகலமான பெட்டியில் அந்தத் தண்ணீர் படலமாகப் பரவி நின்றுவிட்டது. கூழாங்கல்கூட நகரவில்லை. முட்டி வீங்கியதுதான் மிச்சம். குறுகலான பெட்டி என்றால் அதே தண்ணீர் ஆழமாகவும் வேகமாகவும் ஓடியிருக்கும்.

அதற்குப் பிறகுதான் இந்தச் 'சோப்பு டப்பா'. இரண்டரை அடி, ஒன்றே முக்கால் கிலோ, பயணப் பெட்டியில் துணிக்கு நடுவே படுத்துக்கொள்ளும். பயண மூட்டைக்கு 23 கிலோ, மூன்று பக்கமும் கூட்டி 158 சென்டிமீட்டர் என்று அளவு வைத்திருக்கிறார்கள். நாலு அடிப் பெட்டியை எங்கே வைப்பது, தலையிலா? ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது ஒட்டின மண்ணோடு எதையும் உள்ளே விடமாட்டார்கள் என்பதால் ஒவ்வொரு வரியையும் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். அது என் பிரஷ் இல்லை என்று வீட்டில் ஒரு வழக்கு இன்னும் நடக்கிறது.

"லேசான பெட்டியை ஆறு அடித்துக்கொண்டு போகாதா?" என்று ஒருவர் எழுதியிருந்தார். போகும். ஓரத்தில் இரண்டு கல்லைத் தூக்கி வைத்தால் போகாது. கல்லுக்கு அங்கே பஞ்சமில்லை. "குட்டையாக இருந்தால் பொடித் தங்கம் தப்பிவிடுமே?" இது நியாயமான கேள்வி. ஈயக் குண்டுகள் பத்தைச் சுத்தியலால் தட்டையாக்கி, ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஹோஸ் பைப்பை வைத்து ஓட்டிப் பார்த்தேன். ஈயத்தின் அடர்த்தி 11.3தான். அது நின்றால் தங்கம் நிற்கும். ஒன்பது முதல் ஒரு அடிக்குள்ளேயே நின்றுவிட்டன. பத்தாவதை என் மகள் கீழே போட்டுவிட்டாள் என்பது என் கட்சி. மாவுபோன்ற தங்கம் கொஞ்சம் தப்பும்தான், சரி. ஆனால் அரை அங்குலச் சல்லடையில் சலிக்காமல் கல்லும் மண்ணுமாக அள்ளிக் கொட்டினால் எட்டு அடிப் பெட்டியிலும் தப்பும்.

"இவ்வளவு செலவுக்குக் கிடைத்தது எவ்வளவு?" என்று கேட்ட புண்ணியவானுக்கு: பொட்டு அளவு. கண்ணாடிக் குப்பியில் தண்ணீரில் மினுங்கும், அவ்வளவுதான். கிரிக்கெட் பார்த்து நீங்கள் எவ்வளவு சம்பாதித்தீர்கள்?

அந்தக் குப்பியையும் தம்பி வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். இங்கே தென்னாப்பிரிக்காவில் 2005ஆம் வருடச் சட்டப்படி, நகையாகவோ பொருளாகவோ செய்யாத தங்கத்தை அனுமதி இல்லாமல் கையில் வைத்திருப்பதே குற்றம். மெல்போர்ன் இருக்கிற விக்டோரியா மாநிலத்தில் மைனர்ஸ் ரைட் என்று ஒரு சீட்டு வாங்கினால் பத்து வருடத்துக்குச் செல்லும், அனுமதித்த இடங்களில் கைக்கருவியோடு அரித்துக்கொள்ளலாம். தங்கத்தால் உண்டான ஜோஹன்னஸ்பர்க்கில் குடியிருந்துகொண்டு தங்கம் அரிக்க விமானம் ஏறுகிறான் என்று சிரிக்கிறீர்கள். 1886இல் இங்கே கண்டது ஓடை மணலில் அள்ளுகிற தங்கம் இல்லை. பாறைக்குள் இருப்பது. உடைத்து, பொடியாக்கி, சயனைடில் கரைத்து எடுக்க வேண்டும். என் பெட்டிக்கு இங்கே வேலையே கிடையாது.

பெட்டியைச் சொன்னதுகூட எனக்குப் பெரிதில்லை. படத்துக்குக் கீழே "நம்ம ஜாமா ஜாமா" என்று எழுதினீர்களே அண்ணே, அதுதான். விளையாட்டுக்குத்தான், தெரியும். மூன்று பேர் உள்பெட்டியில் வந்து "இதுக்கெல்லாம் கோவப்படலாமா" என்றார்கள். கைவிட்ட சுரங்கங்களில் அனுமதி இல்லாமல் இறங்கித் தங்கம் தோண்டுகிறவர்களுக்கு இங்கே அந்தப் பெயர். ஜூலுவில் அதற்கு முயன்றுகொண்டே இரு என்று அர்த்தம். 2025 ஜனவரியில் ஸ்டில்ஃபொன்டெய்னில் மூடிக்கிடந்த சுரங்கத்திலிருந்து 78 உடல்களை மேலே எடுத்தார்கள். உயிரோடு வந்த 246 பேரில் பலர் எலும்பும் தோலுமாக வந்தார்கள். அங்கிருந்து இங்கே காரில் இரண்டு மணி நேரம். நான் டிசம்பர் விடுமுறையில் சீட்டு வாங்கிக்கொண்டு ஓடையில் விளையாடுகிறவன். எனக்கு எதற்கு அந்தப் பெயர்?

நீங்கள் மண்டப வாசலில் அதைச் சத்தமாகவும் சொன்னீர்கள். வண்டி நிறுத்த இடம் காட்டுகிற பையன் பக்கத்தில்தான் நின்றான். அத்தனை தமிழில் அவனுக்குப் புரிந்தது அந்த இரண்டு சொல்தான். திரும்பி என் பெட்டியைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். சில்லறை கொடுத்தபோது வாங்கிக்கொண்டான், வழக்கம்போலச் சிரிக்கவில்லை.

படம் இருக்கட்டும் அண்ணே. சோப்பு டப்பாவும் இருக்கட்டும். அந்த இரண்டு சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள்.