யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையக் காற்று பற்றி ஒரு திருத்தம்

"சோழகம் (தென்மேற்குக் காற்று) பலமாக அடிக்கிற மாதங்களில் சின்ன விமானம் பலாலியில் இறங்குவதே ஆபத்து, காற்றின் வேகம்தான் எல்லாம்" என்று மேலே அண்ணை ஒருவர் எழுதியிருக்கிறார். பலர் அதை நம்புவதால் சொல்கிறேன்: அது சரியில்லை. வேகத்தை விடக் காற்றின் திசையும், அது சட்டென்று மாறுவதும்தான் ஆபத்து.

பலாலி ஓடுபாதை வடகிழக்கு தென்மேற்காகக் கிடக்கிறது. சோழகமும், வடகிழக்கிலிருந்து வருகிற வாடையும் பெரும்பாலும் அதன் நீளவாக்கிலேயே வருகின்றன. எதிர்க்காற்று இறங்குகிற விமானத்துக்கு உதவிதான். தரைவேகம் குறைந்து, குறைந்த தூரத்திலேயே நிற்கும். ஆனால் 20 நொட் (மணிக்குச் சுமார் 37 கி.மீ.) காற்று நேர் பக்கவாட்டில் அடித்தால் கதை வேறு. செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தின் கையேட்டில், சோதனையில் சமாளித்துக் காட்டியதாகப் போட்டிருக்கும் பக்கக்காற்று 15 நொட்தான். காற்று ஓடுபாதைக்கு 30 பாகை கோணத்தில் வந்தால், அந்த 20இல் 10 நொட் மட்டுமே பக்கவாட்டில் தள்ளும்.

உண்மையில் பயப்பட வேண்டியது சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் கட்டுகிற இடிமுகிலுக்கு. அதிலிருந்து கொட்டுகிற காற்று தரையில் பட்டு நாலாபக்கமும் விரியும். உள்ளே நுழைகிற விமானத்துக்கு முதலில் எதிர்க்காற்று. வேகமானி ஏறும், விமானி இயந்திர விசையைக் குறைப்பார். சில நொடிகளில் அதுவே பின்காற்றாக மாறும், வேகம் விழும், விமானம் தாழும். 1985இல் டல்லாஸில் டெல்டா 191 என்ற பயணிகள் விமானம் விழுந்தது இப்படித்தான், அதுவோ பெரிய ஜெட். காற்று கொட்டுவதற்குச் சற்று முன்பு ஓடுபாதையோரக் காற்றுப்பை சும்மா தொங்கிக்கொண்டும் இருக்கலாம்.

ஆகவே முகிலைக் கண்டு விமானி இறங்காமல் திரும்பிப்போனால் தயவுசெய்து அவரைத் திட்டாதீர்கள்.