எண்ணிக்கையைத் தாண்டியும் எழுதுங்கள்

ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு பற்றி நீங்கள் எழுதிய கட்டுரை, அவர் எத்தனை வழக்குகளை முடித்தார் என்பதோடு நின்றுவிட்டதே! 2006-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாகும் முன்பு, தொழிலாளர் வழக்குகளில் பேர் வாங்கிய வழக்கறிஞர் அவர். வேலை பறிபோனவனுக்கு வாய்தா ஒவ்வொன்றும் எவ்வளவு பாரம் என்று பக்கத்திலிருந்து பார்த்தவர். வழக்குகளை அவர் முடித்த வேகத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்பேன்.

2008-ல் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கோயில். பூசாரியான அப்பாவுக்குப் பின் மகள் பூசை செய்யக்கூடாது என்று ஊரில் சிலர் மறித்தார்கள். தடுக்க எந்தச் சட்டமும் இல்லை என்று தீர்ப்பளித்தார் சந்துரு. அங்கே மூலவரே அம்மன்தான் என்பதையும் சுட்டிக்காட்டினார். சத்துணவு மைய வேலைகளில் இடஒதுக்கீடு உண்டு என்றதும் அவர்தான். இவற்றை அடுத்த கட்டுரையில் விரிவாக எழுதுங்கள், சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்குப் பயன்படும்.