இரண்டுக்கு ஒன்று: வட கரோலினாவில் சத்தமில்லாமல் போன ஓர் உரிமை

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கேரி, மோரிஸ்வில், சார்லட் பக்கம் வாக்குரிமை உள்ள தமிழர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறோம். தேர்தல் வந்தால் கவர்னர் யார், செனட்டர் யார் என்று வாட்ஸ்அப் குழுக்களில் நாள் கணக்கில் மல்லுக்கட்டுகிறோம். ஆனால் 2024 வாக்குச்சீட்டில் கீழே இறங்கி ‘மேல்முறையீட்டு நீதிமன்றம், இருக்கை 12’, ‘இருக்கை 14’, ‘இருக்கை 15’ என்று வந்த இடத்தில் எத்தனை பேர் நின்று யோசித்திருப்போம்? பேருக்குப் பக்கத்தில் போட்டிருந்த கட்சியைப் பார்த்துக் கட்டத்தை நிரப்பிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்போம். எனக்குத் தெரிந்த ஒருவர் மூன்றையும் காலியாகவே விட்டுவிட்டார். “உச்ச நீதிமன்றம்னா சரி, இது நடுவுல இருக்கறதுதானே” என்றார்.

நடுவில் இருப்பது உண்மைதான். கீழே முதல் விசாரணை நடக்கும் மாவட்ட, சுபீரியர் நீதிமன்றங்கள், மேலே ஏழு நீதிபதிகளின் மாநில உச்ச நீதிமன்றம், இடையில் இது. மாநிலத் தலைநகர் ராலியில் மோர்கன் தெருவில், அரசுத் தலைமைக் கட்டடமான கேபிடலைப் பார்த்தபடி நிற்கிறது. உச்ச நீதிமன்றமும் அதே தெருவில், கூப்பிடு தூரத்தில். 1967-ல் ஆறு நீதிபதிகளோடு தொடங்கியது, 2000-ல் பதினைந்தானது. மரண தண்டனை வழக்குகள் நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போய்விடும். மற்றபடி விவாகரத்தில் சொத்துப் பிரிப்பு, வேலையிடத்தில் அடிபட்டவரின் இழப்பீடு, பிள்ளையின் மீதான பெற்றோர் உரிமையைப் பறிக்கும் உத்தரவு, போதைப்பொருள் வழக்குத் தண்டனை, பக்கத்து வீட்டு எல்லைத் தகராறு என்று நம்மைப் போன்றவர்கள் மாட்டக்கூடிய வழக்குகளின் மேல்முறையீடு எல்லாம் இங்கேதான் வரும். உச்ச நீதிமன்றம் அதில் கொஞ்சத்தைத்தான் எடுக்கும். ஆக, பெரும்பாலானவர்களுக்குக் கடைசிப் படி இதுதான்.

இங்கே சாட்சி ஏறமாட்டார், ஜூரி இல்லை, புது ஆதாரம் எதையும் காட்ட முடியாது. கீழே நடந்த விசாரணையின் எழுத்துப் பதிவும் இரு தரப்பு வாதக் குறிப்பும்தான். மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதைப் படித்து, கீழ்க்கோர்ட் சட்டத்தில் தப்பு செய்ததா, அந்தத் தப்பு முடிவை மாற்றும் அளவுக்குப் பெரிதா என்று பார்க்கும். பல வழக்குகளில் வக்கீல் நேரில் நின்று பேசுவதுகூடக் கிடையாது.

மாதத்தில் இரண்டு நாள் தீர்ப்புகளை மொத்தமாக இணையத்தில் ஏற்றுவார்கள். எனக்கு அவற்றைப் படிக்கும் கெட்ட பழக்கம் இருக்கிறது. (என் மனைவிக்கு இது ஒரு நோயாகவே படுகிறது.) பல தீர்ப்புகளின் கடைசியில் ‘விதி 30(இ)-யின்படி’ என்று ஒரு குட்டி வரி இருக்கும். இது முன்னுதாரணம் ஆகாது, அடுத்த வழக்கில் இதைக் காட்டி யாரையும் கட்டுப்படுத்த முடியாது என்று அர்த்தம். அதற்கு மேலே ‘உறுதி செய்யப்பட்டது’ என்ற ஒற்றைச் சொல், இன்னின்ன இரு நீதிபதிகள் உடன்படுகிறார்கள் என்று ஒரு வரி. ஒரு குடும்பத்தின் பல வருட வழக்கு அங்கே முடிந்திருக்கும்.

சில தீர்ப்புகளில் மட்டும் ‘மாறுபடுகிறார்’ என்று வரும். மூன்றாவது நீதிபதி, மற்ற இருவரும் தவறு என்று தனியாக எழுதியிருப்பார். இந்த நீண்ட பதிவு அதைப் பற்றித்தான்.

இந்த நீதிமன்றத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. ஒரு நீதிபதி மாறுபட்டு எழுதினால், தோற்றவர் அந்த விஷயத்தை மட்டும் உச்ச நீதிமன்றத்துக்கு உரிமையோடு கொண்டு போகலாம். ‘எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டாம். மூன்று பேரில் ஒருவருக்கே சந்தேகம் என்றால் ஏழு பேர் பார்க்கட்டும், அவ்வளவுதான் தர்க்கம். 2023 அக்டோபரில் மாநில பட்ஜெட் சட்டத்தோடு சேர்த்து அந்த உரிமையை எடுத்துவிட்டார்கள். ஆம், பட்ஜெட். ஆசிரியர் சம்பளம், சாலைப் பணம் எல்லாம் இருக்கும் அறுநூறு பக்கத்துக்கு மேற்பட்ட அந்த ஆவணத்தில்தான் இதுவும். கவர்னர் ராய் கூப்பர் கையெழுத்துப் போடவில்லை, வீட்டோ செய்து தடுக்கவும் இல்லை, அது தானாகச் சட்டமானது. அதே பட்ஜெட்டில்தான் இந்த நீதிபதிகளின் ஓய்வு வயதையும் 72-லிருந்து 76 ஆக்கினார்கள்.

இப்போது 2-1 என்று தோற்றால், அரசியலமைப்புச் சட்டம் சார்ந்த கனமான கேள்வி இருந்தால் ஒழிய, மனுப் போட வேண்டும். எடுப்பதும் எடுக்காததும் உச்ச நீதிமன்றத்தின் இஷ்டம்.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. ஒரே ஒரு நீதிபதி முரண்டு பிடித்தாலும் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் சில்லறைத் தகராறுகளைக் கேட்க வேண்டியிருந்தது, தன் வேலைப் பட்டியலைத் தானே முடிவு செய்ய முடியவில்லை என்கிறார்கள். இதில் நியாயம் உண்டு. நீதிபதிகள் கட்சி சாராமல் வருகிற ஊராக இருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன்.

இங்கே அப்படி இல்லையே. மாநிலம் முழுக்க ஓட்டுக் கேட்டு, எட்டு வருடப் பதவிக்கு வருகிறார்கள். சென்னையில் இருக்கும் நண்பர்களிடம் சொன்னால் “நீதிபதிக்கு ஓட்டா?” என்று சிரிக்கிறார்கள். வாக்குச்சாவடி வாசலில் புல்தரையில் செருகிய அட்டைகளில் ஷெரீஃப் வேட்பாளர் பேரோடு நீதிபதி வேட்பாளர் பேரும் காற்றில் ஆடுவதைப் பார்த்தால் என்ன சொல்வார்களோ. கொஞ்ச காலம் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இல்லாமல்தான் இந்தத் தேர்தல்கள் நடந்தன. 2016-ல் அது திரும்பி வந்தது. 2024 தேர்தலுக்குப் பிறகு பதினைந்தில் பன்னிரண்டு பேர் குடியரசுக் கட்சி, மூன்று பேர் ஜனநாயகக் கட்சி. நாளை இது தலைகீழானாலும் என் வாதம் இதேதான். உங்கள் வழக்கு எந்த மூவரிடம் போகும் என்பது உங்கள் கையில் இல்லை. அமர்வுகளை ஒழுங்கு செய்பவர் இந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி, அவரை அமர்த்துபவர் உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி.

இந்த நீதிமன்றத்தை அரசியல் எப்படிப் பந்தாடும் என்பதற்கு 2017 போதும். ஜனநாயகக் கட்சிக்காரரான கூப்பர் கவர்னராக வந்ததும், குடியரசுக் கட்சி கையில் இருந்த சட்டமன்றம் நீதிபதி எண்ணிக்கையைப் பதினைந்திலிருந்து பன்னிரண்டாகக் குறைக்க மசோதா கொண்டுவந்தது. ஓய்வு பெறுபவர்களின் இடத்தைக் கூப்பர் நிரப்பக்கூடாது, அதுதான் கணக்கு. கூப்பர் வீட்டோ செய்தார். சட்டமன்றம் அந்த வீட்டோவை முறியடிக்கும் வாக்கெடுப்புக்கு முன்பே, ஓய்வு வயதை நெருங்கிக்கொண்டிருந்த டக் மெக்கல்லா என்ற நீதிபதி சில வாரங்கள் முன்கூட்டியே விலகிவிட்டார். அவரே குடியரசுக் கட்சிக்காரர்! தன் இடம் ஒழிக்கப்படுவதைவிட எதிர்க்கட்சி கவர்னர் அதை நிரப்புவதே மேல் என்று நினைத்திருக்கிறார். அன்றைக்கே கூப்பர் ஜான் ஆரோவுட்டை அங்கே அமர்த்தினார். வீட்டோவை மீறி வந்த அந்தக் குறைப்புச் சட்டம் 2019-ல் ரத்தானது. மெக்கல்லா போன்ற ஆட்கள் எல்லா நேரமும் கிடைக்கமாட்டார்கள்.

அப்புறம் கிரிஃபின் வழக்கு. ஜெஃபர்சன் கிரிஃபின் இதே மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதி. 2024-ல் உச்ச நீதிமன்ற இடத்துக்குப் போட்டியிட்டு அலிசன் ரிக்ஸிடம் 734 ஓட்டில் தோற்றார். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைச் செல்லாததாக்கச் சொல்லி வழக்குப் போட்டார். அது சுற்றிச் சுற்றி அவருடைய நீதிமன்றத்துக்கே, அவருடைய சகாக்களிடமே வந்தது. 2025 ஏப்ரல் 4-ல் 2-1 என்று அவருக்குச் சாதகமான தீர்ப்பு. மாறுபட்டவர் டோபி ஹாம்ப்சன். ஒரே வாரத்தில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு அதில் பெரும்பகுதியை மாற்றியது. மே 5-ல் ஃபெடரல் நீதிபதி ரிச்சர்ட் மையர்ஸ் ரிக்ஸ்தான் வென்றவர் என்று அறிவிக்கச் சொன்னார். இரண்டு நாளில் கிரிஃபின் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

மாநிலமே பார்த்துக்கொண்டிருந்ததால் அந்த 2-1 மேலே போனது. இழப்பீடு மறுக்கப்பட்ட ஒரு தொழிலாளியின் 2-1-ஐ யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்? அவர் மனு ‘ஏற்கப்படவில்லை’ என்ற ஒற்றை வரியில் முடியலாம். அவருக்காக ஹாம்ப்சனோ வேறொருவரோ முப்பது பக்கம் மாறுபட்டு எழுதியிருந்தாலும் அது இப்போது கதவைத் திறக்கும் சாவி இல்லை.

இதில் நான் முக்கியமாக நினைப்பது, தோற்றவர்களுக்குப் போன வாய்ப்பு மட்டும் அல்ல. மூன்றாமவர் மாறுபட்டால் வழக்கு கட்டாயம் மேலே போகும் என்ற நிலையில் மற்ற இருவரும் அவரைச் சமாதானப்படுத்தப் பார்ப்பார்கள், தங்கள் வாதத்தில் ஓட்டை இருந்தால் அடைப்பார்கள். மேலே ஏழு பேர் படிப்பார்கள் என்று தெரிந்து எழுதுவது வேறு. யாரும் படிக்காமலும் போகலாம் என்று தெரிந்து எழுதுவது வேறு.

2018-ல் தேர்வான ஆரோவுட், ஹாம்ப்சன், அலெக்ரா காலின்ஸ் மூவரின் எட்டாண்டுப் பதவிக்காலமும் 2026-ல் முடிகிறது. அந்த மூன்று இடங்களும் அந்த ஆண்டு நவம்பர் வாக்குச்சீட்டில் வரும். நீதிபதி வேட்பாளர்களிடம் இதைக் கேட்டுப் பயனில்லை, சட்டத்தை மாற்றும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. மாநிலச் சட்டமன்ற வேட்பாளர்கள் நம் தமிழ் நிகழ்ச்சிகளுக்கு வந்து வணக்கம் சொல்லி, போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள் இல்லையா, அவர்களிடம் கேட்கலாம். எந்தக் கட்சியானாலும் என் கேள்வி ஒன்றுதான்: 2023-ல் எடுத்த அந்த உரிமையைத் திருப்பித் தர, பட்ஜெட்டுக்குள் ஒளிக்காமல் தனி மசோதாவாகக் கொண்டுவருவீர்களா? யாராவது நேராகப் பதில் சொன்னால் இங்கேயே எழுதுகிறேன்.