ஷார்ட்கட்டுகளை மனப்பாடம் செய்தது போதும். ஃபைலைத் திருத்தத்துக்குத் தயாராக வையுங்கள்

போட்டோஷாப் கற்கத் தொடங்கும் தம்பி தங்கைகள் பலரும் முதலில் கேட்பது, எந்தெந்த ஷார்ட்கட்டுகளை மனப்பாடம் செய்ய வேண்டும் என்பதைத்தான். நூறு ஷார்ட்கட் அடங்கிய அட்டவணையை யாராவது பகிர்ந்தால் எல்லாரும் சேமித்து வைத்துக்கொள்கிறார்கள். அதனால் பெரிய பயன் இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஒரு டிசைனரின் பொழுது மெனுவைத் தேடுவதில் போவதைவிட, முடித்த வேலையை மறுபடி செய்வதில்தான் அதிகம் போகிறது.

ஒரு போஸ்டரில் எட்டு இடங்களில் லோகோ இருக்கிறது என்று வையுங்கள். எல்லாம் முடிந்த பிறகு வாடிக்கையாளர் புது லோகோவை அனுப்புகிறார். சாதாரண லேயராக (ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் படத் தாள்) ஒட்டியிருந்தால் எட்டையும் நீக்கி, எட்டையும் வைத்து, அளவும் சாய்வும் நிழலும் சரிசெய்ய வேண்டும். முதலிலேயே அதை, மூலப் படத்தைத் தனக்குள் பத்திரமாக வைத்திருக்கும் லேயரான ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றி, கன்ட்ரோல் ஜே அழுத்திப் பிரதி எடுத்திருந்தால் கதையே வேறு. லேயர் பட்டியலில் ஏதாவது ஒரு பிரதியின் சிறுபடத்தை இருமுறை சொடுக்குங்கள். தனியாக ஒரு ஃபைல் திறக்கும். அதில் புது லோகோவை வைத்து கன்ட்ரோல் எஸ் கொடுத்தால் எட்டும் மாறிவிடும், நிழலும் சாய்வும் அப்படியே இருக்கும். ஒரு பிரதி மட்டும் தனித்து நிற்க வேண்டுமென்றால் கன்ட்ரோல் ஜே உதவாது; 'நியூ ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் வயா காப்பி' என்பதைப் பயன்படுத்துங்கள். ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் வசதி 2005-இல் போட்டோஷாப்பின் சிஎஸ்2 பதிப்பிலேயே வந்துவிட்டது. இன்னும் பலர் அதைத் தொடாமலே உழைத்துக் களைக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

லோகோ போன்றவற்றை வரையும் மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் நிறத்துக்கும் இதே வழி உண்டு. ஸ்வாட்சை, அதாவது சேமித்து வைத்த நிறத்தை, திறந்து 'குளோபல்' என்பதை டிக் செய்துவிட்டால், பிறகு அந்த ஒரு ஸ்வாட்சை மாற்றினாலே அதைப் பயன்படுத்திய இடமெல்லாம் மாறும். பக்கங்களை வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் எழுத்துகளுக்குப் பாராகிராஃப் ஸ்டைல்: அதை ஒரு முறை மாற்றினால், அதைப் பயன்படுத்திய பத்தியெல்லாம் மாறும்.

எரேசரைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அழித்தது போனதுதான். அதற்குப் பதில் லேயரை அழிக்காமல் மறைக்கும் திரையான மாஸ்கைப் பயன்படுத்துங்கள். மாஸ்கில் கருப்பைத் தீட்டினால் மறையும், வெள்ளையைத் தீட்டினால் திரும்பி வரும். ஷார்ட்கட் கைக்குப் பழக வேண்டிய இடமும் இதுதான். டி அழுத்தினால் கருப்பும் வெள்ளையும் வரும், எக்ஸ் அழுத்தினால் இரண்டும் இடம் மாறும், சதுர அடைப்புக்குறிகள் பிரஷின் அளவைக் கூட்டிக் குறைக்கும். ஆல்ட்டை அழுத்தியபடி ஒரு லேயரின் கண் குறியைச் சொடுக்கினால் மற்ற லேயர்கள் எல்லாம் மறையும். இந்த நான்கைந்து பழகினாலே போதும். மற்றவை வேலை செய்யச் செய்யத் தானாக வரும்.

ஒரு ஃபோல்டர் நிறைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து அளவு குறைப்பவர்களைப் பார்த்தால் மனம் பதைக்கிறது. போட்டோஷாப்பில் ஃபைல் மெனுவில் ஸ்கிரிப்ட்ஸ் பகுதியில் 'இமேஜ் பிராசசர்' இருக்கிறது. ஃபோல்டரையும் அளவையும் சொல்லிவிட்டால் மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

சான்றிதழ், அடையாள அட்டை போன்ற வேலைக்கு வடிவமைப்பு ஒன்று, பெயர்கள் மட்டும் பல. ஒவ்வொரு பெயராக ஒட்டாதீர்கள். எக்செல் பட்டியலை சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய உரை ஃபைல்) ஆகச் சேமித்து, பட்டியலில் உள்ளதை வடிவமைப்பில் நிரப்பும் இன்டிசைனின் டேட்டா மெர்ஜில் கொடுங்கள். பக்கங்கள் தாமாகவே உருவாகும். ஆனால் தொடங்கும் முன், பட்டியலில் ஆக நீளமான பெயர் கட்டத்துக்குள் அடங்குகிறதா என்று பிரிவியூவில் பார்த்துக்கொள்ளுங்கள்.