சாம்பாரில் பருப்பைத் தேடுபவர்களுக்கு

வீகன் (பால், முட்டை உட்பட விலங்கிலிருந்து வரும் எதையும் சாப்பிடாதவர்) என்று சொன்ன அடுத்த நிமிஷம் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். "அப்போ புரோட்டீனுக்கு என்ன பண்றே?" கேட்கிற அண்ணனின் தட்டில் மலை மாதிரி சோறு, மேலே ரெண்டு துண்டு உருளைக்கிழங்கு, சாம்பார், அப்பளம். அவருடைய புரோட்டீனைப் பற்றி அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

ஆனாலும் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நம்ம வீட்டுச் சைவச் சமையல் பால், தயிர், மோர், பன்னீர் ஆகியவற்றைத்தான் ரொம்ப நம்பியிருக்கிறது. அவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சோறும் பொரியலும். மலேசியாவில், பினாங்கு லிட்டில் இந்தியாவில் வாழை இலைச் சாப்பாட்டுக்கு உட்காருங்கள். நாலு வகை காய், ரசம், ஊறுகாய், கேட்கக் கேட்கச் சோறு. சாம்பாரில் பருப்பு இல்லையா என்பார்கள். இருக்கிறது, கரண்டியை அடிவரை விட்டுத் துழாவினால்.

சாதாரண ஆளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரோட்டீன் என்பது பொதுவான கணக்கு. 60 கிலோ எடை என்றால் நாளுக்குச் சுமார் 50 கிராம். கெட்டியாக வெந்த துவரம்பருப்பு 100 கிராமில் இருப்பது 7 கிராம் போல. தண்ணீர் ஊற்றி நீட்டிய சாம்பாரில் எவ்வளவு தேறும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு வெளிநாட்டு புரோட்டீன் பவுடரும், பேரங்காடியின் குளிர்பெட்டியில் கிடக்கும் விலை உயர்ந்த வீகன் பர்கரும்தான் வழி என்று நம்மில் சிலர் முடிவு கட்டிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாசாரில் (சந்தையில்) மக்சிக், அதாவது மலாய்க்கார அம்மா, விற்கிற தெம்பே இருக்கிறதே, அதை நாம் ஏன் இன்னும் அடுத்தவர் சாப்பாடாகவே பார்க்கிறோம்?

ஜாவாவில் பிறந்த பண்டம் அது. வேகவைத்த சோயா மொச்சையில் ஒரு வகைப் பூஞ்சையைக் கலந்து புளிக்க வைப்பார்கள். வெள்ளை நூல் படர்ந்து மொச்சையெல்லாம் ஒரே கட்டியாகிவிடும். புளிக்கும்போது தானே சூடு உண்டாவதால், புதுப் பொட்டலத்தைக் கையில் எடுத்தால் சில சமயம் வெதுவெதுப்பாகக்கூட இருக்கும். 100 கிராமில் 19 கிராம் அளவுக்குப் புரோட்டீன். விலையும் நம் கைக்கு எட்டுகிற விலைதான். அங்கங்கே சாம்பல், கருப்புப் புள்ளி இருந்தால் பயப்பட வேண்டாம், கொஞ்சம் முற்றிவிட்டது, வாசம் தூக்கலாக இருக்கும், அவ்வளவுதான். பிசுபிசுப்பும் கெட்ட நாற்றமும் வந்தால் மட்டும் தூக்கிப் போடுங்கள். நம் ஊர் வெக்கையில் வெளியே வைத்தால் அது தொடர்ந்து புளித்துக்கொண்டே போகும். வாங்கி வந்ததும் ஐஸ்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

"கசக்குது, ஒரு மாதிரி வாடை" என்பவர்கள் பெரும்பாலும் அதைத் தடித் தடியாக வெட்டி அப்படியே எண்ணெயில் போட்டவர்கள். முதலில் பத்து நிமிஷம் ஆவியில் வையுங்கள், கசப்பு இறங்கும். பிறகு மெல்லிசாக அரிந்து மஞ்சள், உப்பு, கொஞ்சம் புளித்தண்ணீரில் பிரட்டி ஊறவிட்டு, ஓரம் சிவக்கும்வரை பொரித்து எடுங்கள். அப்புறம் ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்குச் செய்கிற அதே வேலைதான். பட்டை, சோம்பு, கறிவேப்பிலை, நிறைய வெங்காயம், அரைத்த காய்ந்த மிளகாய், இஞ்சி பூண்டு, மசாலாத்தூள். கடைசியில் தெம்பேயைப் போட்டுச் சுருள வதக்கி இறக்குங்கள். எங்கள் வீட்டில் அசைவம் சாப்பிடுகிற மச்சான் முதல் ஆளாகக் கரண்டியோடு வந்து நிற்பார்.

கடையில் வாங்குகிற தெம்பே வேறு கதை. நாசி சம்பூர் (சோற்றோடு பல வகைக் கறி விற்கும்) கடையில் பார்க்க அழகாக இருக்கும் தெம்பே சம்பலில் நெத்திலி இருக்கும், இல்லாவிட்டால் பெலாச்சான் (இறால் விழுது) கரைந்திருக்கும். கேட்டு வாங்க வேண்டும்.

சைவ மட்டனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோயில் அன்னதானம், கல்யாணப் பந்தி என்று எங்கே போனாலும் அதுதான் இப்போது இலையில் நாயகன். கோதுமைப் புரதத்திலோ சோயாவிலோ செய்வதால் புரோட்டீன் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சைவம் என்று எழுதியிருப்பதெல்லாம் வீகன் இல்லை. சில பொட்டலங்களில் முட்டை வெள்ளைக்கருவோ பால்பொடியோ சேர்த்திருப்பார்கள். பொட்டலத்தின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். பலாக்காயில் செய்கிற "கறி"யும் ருசிதான், ஆனால் அதில் புரோட்டீன் பேருக்குத்தான். தேங்காய்ப்பாலும் அப்படியே.

தவுக்குவாவை, அதாவது கெட்டியான டோஃபுவை (சோயா பன்னீரை), நான் முட்டைப் பொடிமாஸுக்குப் பதிலாக வைத்திருக்கிறேன். கையால் உதிர்த்து, மஞ்சள், பச்சை மிளகாய், வெங்காயத்தோடு வதக்கி, இறக்கும்போது ஒரு சிட்டிகை கருப்பு உப்பு. அந்த உப்பில் இருக்கிற கந்தகம்தான் முட்டை வாசத்தைக் கொடுக்கிறது. லிட்டில் இந்தியா மளிகைக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். குழம்புக்கு என்றால் தவுக்குவாவை ஒரு ராத்திரி உறைய வைத்து, இளக விட்டு, பிழிந்து போடுங்கள். உள்ளே ஓட்டை ஓட்டையாகி மசாலாவை அப்படியே குடிக்கும். முட்டை டோஃபு என்று குழாய் வடிவில் விற்பது வேறு, அதில் முட்டை இருக்கிறது.

இவ்வளவு சொன்னாலும் எனக்கு உண்மையான ஆதங்கம் சுண்டல் மேல்தான். கச்சாங் பூத்தே (வறுத்த கடலை, பட்டாணி வகைகள்) விற்றே பேர் வாங்கிய சமூகம் நாம். ஈப்போ புந்தோங்கில் அதற்கென்று ஒரு கம்பமே (கிராமமே) இருக்கிறது. அந்தக் கடலையையும் பட்டாணியையும் நாம் நொறுக்குத் தீனியாகவும் நவராத்திரி பிரசாதமாகவும் ஒதுக்கிவிட்டோம். வெந்த கொண்டைக்கடலை ஒரு கப்பில் 14 கிராமுக்குக் குறையாமல் புரோட்டீன் உண்டு. காலையில் பசியாற ரெண்டு தோசையோடு ஒரு கிண்ணம் சுண்டல், மத்தியானம் 100 கிராம் தெம்பே, சாயங்காலம் சீனி போடாத சோயா பால் ஒரு கிளாஸ். 40 கிராம் இங்கேயே வந்துவிட்டது. மீதியைச் சோறும் பருப்பும் பார்த்துக்கொள்ளும். அரிசியில் லைசின் (புரோட்டீனில் உள்ள ஒரு அமினோ அமிலம்) குறைவு, பருப்பில் அது தாராளம். ரெண்டையும் ஒரே வேளையில்தான் சாப்பிட வேண்டும் என்றுகூட இல்லை, அந்த நாளுக்குள் சாப்பிட்டால் போதும்.

சோயா சாப்பிட்டால் ஆண்மை போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிற மாமாக்களுக்கு: ஆண்களிடம் நடத்திய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைவதாகத் தெரியவில்லை. தைராய்டு மாத்திரை போடுபவர்கள் மட்டும் மாத்திரைக்கும் சோயாவுக்கும் நேர இடைவெளி விடவேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரோட்டீனைக் கூட்டாதீர்கள். வைட்டமின் பி12 விஷயத்தில் மட்டும் சமையலறையை நம்பாதீர்கள். தெம்பேயும் அதற்கு உத்தரவாதம் இல்லை. மாத்திரைதான்.

கடைசியாக, பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் தைப்பூசப் பந்தல் போடுகிற தம்பிகளிடம் ஒரு கோரிக்கை. ரோஸ் பாலும் எலுமிச்சைச் சாதமும் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு அண்டா கொண்டைக்கடலைச் சுண்டலும் வையுங்கள். காவடி எடுத்து, படியேறி, வெயிலில் நடந்து வருகிறவர்களுக்குச் சோறு மட்டும் போதாது. முதல் நாள் ராத்திரி கடலை ஊறப்போடவும் தேங்காய் துருவவும் ஆள் வேண்டுமென்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், வருகிறேன்.