லூசில் பாலை ஒரு கார்டுக்குள் அடைக்காதீர்கள்

நேற்றுக் காலை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு கார்டு அனுப்பியிருந்தார். கறுப்பு வெள்ளைப் படத்தில் கண்ணை உருட்டிக்கொண்டிருக்கும் ஒரு அமெரிக்க நடிகை. கீழே, 'நடிப்பு வராது என்று திருப்பி அனுப்பினார்கள். 40 வயதில் நாடே அவரைக் கொண்டாடியது. மனம் தளராதீர்கள்!' அதற்கு நாலு பேர் கைகூப்பியிருந்தார்கள்.

படத்தில் இருப்பவர் லூசில் பால். கார்டில் பொய் எதுவும் இல்லை, அதனால்தான் எரிச்சல் வருகிறது. பொய்யாக இருந்தால் 'தப்பு சித்தப்பா' என்று ஒரு வரியில் முடித்திருப்பேன். உண்மையையே இரண்டு முனையில் வெட்டி ஒட்டி, நடுவில் இருந்த 25 வருஷத்தைக் குப்பையில் போட்டிருக்கிறார்கள். குழுவில் இவ்வளவு நீளமாக எழுதினால் திட்டுவார்கள் என்பதால் இங்கே.

முதல் பாதியை எடுத்துக்கொள்வோம். நியூயார்க் மாநிலத்தில் ஜேம்ஸ்டவுன் என்ற சிற்றூரில் 1911ல் பிறந்தவர். அப்பா டெலிபோன் கம்பி இழுக்கும் வேலையில் இருந்தார். 1915ல் டைபாய்டில் போய்விட்டார். மகளுக்கு அப்போது நாலு வயதுகூட ஆகவில்லை. அப்பா இறந்த அன்று வீட்டுக்குள் ஒரு பறவை புகுந்து வெளியே போக வழி தெரியாமல் சிக்கிக்கொண்டதாம். சாகும்வரை அவருக்குப் பறவைப் படம் என்றாலே ஆகாது. சுவரில் பறவைப் படம் மாட்டிய ஹோட்டல் அறையில் தங்க மாட்டார். 15 வயதில் நியூயார்க் நகரத்து நாடகப் பள்ளியில் சேர்ந்தார். கூடப் படித்த மாணவி, பின்னால் ஹாலிவுட்டின் பெரிய நடிகையான பெட்டி டேவிஸ். அவர் பக்கத்தில் நின்றால் யாருக்குத்தான் குரல் எழும்பும்? இங்கே நேரத்தை வீணாக்குகிறாள் என்று பள்ளியிலிருந்து அம்மாவுக்குக் கடிதம் போனது உண்மைதான்.

திரும்பி வந்த கொஞ்ச நாளில், 1927ல், அவர் தாத்தா பேரனுக்கு ஒரு துப்பாக்கி வாங்கிக் கொடுக்கிறார். குறி பார்த்துச் சுடக் கற்றுக்கொடுக்கும்போது பக்கத்து வீட்டுப் பையன் மேல் குண்டு பாய்ந்து அவன் முடங்கிப்போகிறான். வழக்கு நடந்து, குடும்பத்தின் வீடு கையை விட்டுப் போகிறது. இதையெல்லாம் கார்டில் எப்படிப் போடுவது? போட்டால் யார் கைகூப்புவார்கள்?

1933ல் கோரஸ் பெண்களில் ஒருத்தியாக ஹாலிவுட்டுக்குப் போனார். பிறகு ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவில் மாதச் சம்பளக்காரர் மாதிரி ஒப்பந்த நடிகை. கதாநாயகியின் தோழி, கடைக்காரி, நாலு வசனம் பேசிவிட்டுப் போகிறவள். நடுநடுவே குறைந்த செலவுப் படங்களில் நாயகி. அந்த வகைப் படங்களுக்கு ராணி என்றே அவருக்குப் பட்டப்பெயர். அதில் கொஞ்சம் நக்கலும் உண்டு. 1940ல் அங்கே ஒரு படத்தில் நடிக்க வந்த க்யூபா நாட்டுப் பாடகர் டெசி ஆர்னாஸைப் பார்க்கிறார். இவரைவிட ஆறு வயது சின்னவர். அதே வருஷம் கல்யாணம்.

அப்புறம் எம்.ஜி.எம். அங்கேதான் தலைமுடி சிவப்பானது. கலர் படத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று சாயம் போட்டார்கள். (பின்னால் அவரைப் புகழ் உச்சிக்குக் கொண்டுபோன டிவி தொடர் முழுக்கக் கறுப்பு வெள்ளை. ஆனாலும் லூசிக்குச் சிவப்பு முடி என்று அமெரிக்காவில் குழந்தைக்கும் தெரியும்.) அதைவிடப் பெரிய விஷயம், அங்கே பஸ்டர் கீட்டன் இருந்தார். மௌனப்பட உலகின் மகாராஜா. காலம் மாறி, அதே ஸ்டூடியோவில் மற்றவர் படங்களுக்கு நகைச்சுவைத் துணுக்கு யோசித்துக் கொடுக்கும் வேலைக்கு வந்திருந்தார். உடம்பால் சிரிக்க வைப்பது எப்படி என்று லூசிக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். முக்கியமாகப் பொருள்களைக் கையாள்வது. சினிமாக்காரர்கள் ப்ராப்பர்ட்டி என்பார்களே, தொப்பி, ஏணி, கரண்டி, அதை உதவியாளரிடம் விட்டுவிடாதே, நீயே பார்த்துக்கொள், கை பழகும்வரை வைத்துப் பழகு என்பதுதான் பாடம். நடிகைக்கு முகம் போதும் என்று நினைத்த ஊரில் இதைக் கேட்டுக்கொள்ள ஒரு நடிகை இருந்தார், சொல்லித்தர மார்க்கெட் போன ஒரு மேதை இருந்தார். கார்டு தூக்கிப்போட்ட வருஷங்கள் இவைதான்.

1948ல் ரேடியோவில் ஒரு கணவன் மனைவி நகைச்சுவைத் தொடர். சி.பி.எஸ். ஒளிபரப்பு நிறுவனத்துக்கு அதை டிவிக்குக் கொண்டுவர ஆசை. லூசி வைத்த நிபந்தனை ஒன்றுதான்: கணவனாக என் கணவர் நடிக்க வேண்டும். அவர்கள் தயங்கினார்கள். சிவப்புத் தலை அமெரிக்கப் பெண்ணுக்குக் கொச்சை ஆங்கிலம் பேசும் க்யூபாக்காரன் புருஷன் என்றால் சனங்கள் நம்ப மாட்டார்கள் என்றார்கள். நிஜத்தில் கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆன தம்பதியைப் பார்த்துச் சொன்ன பேச்சு இது! வாதாடிப் பயனில்லை என்று இருவரும் 1950ல் மேடை நிகழ்ச்சியோடு ஊர் ஊராகக் கிளம்பினார்கள். பெப்பிட்டோ என்ற ஸ்பெயின் நாட்டுக் கோமாளி ஒரு வேடிக்கை செல்லோ வாத்தியத்தைக் கொடுத்துப் பழக்கினார். அரங்கத்தில் சனங்கள் சிரித்தார்கள். டிவிக்காரர்கள் இறங்கி வந்தார்கள்.

1951 அக்டோபர் 15, திங்கட்கிழமை இரவு, 'ஐ லவ் லூசி' ஒளிபரப்பானது. லூசிக்கு 40 வயது. கையில் மூன்று மாதக் குழந்தை. கார்டு மறுபடி இங்கேதான் கண் விழிக்கிறது.

அந்த அக்டோபருக்கு முன்னால் இன்னொன்று நடந்தது. எனக்கு இந்த முழுக் கதையிலும் பிடித்த இடம் அதுதான். அன்றைக்கு டிவி என்றால் நியூயார்க்கிலிருந்து நேரலை. மற்ற ஊர்களுக்கு டிவித் திரையையே கேமரா வைத்துப் படம்பிடித்து அனுப்புவார்கள். மங்கலாக, கஞ்சித்தண்ணி மாதிரி இருக்கும். லூசியும் டெசியும் லாஸ் ஏஞ்சல்ஸை விட்டு நகர மாட்டோம் என்றார்கள். அங்கிருந்து அனுப்பினால் விளம்பரதாரரான சிகரெட் கம்பெனிக்கு முக்கியமான கிழக்குப் பகுதிக்குக் கஞ்சித்தண்ணிதான் போகும். சரி, சினிமா மாதிரி 35 எம்எம் பிலிமிலேயே எடுத்துவிடுகிறோம் என்றார்கள் இவர்கள். செலவு எகிறும். எங்கள் சம்பளத்தில் வாரம் ஆயிரம் டாலரைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் படச்சுருள் எங்களுக்குச் சொந்தம் என்றார் டெசி. எதிர்ப்பக்கம் யோசிக்காமல் தலையாட்டியது. ஒருமுறை ஓடி முடிந்த நகைச்சுவையை யார் மறுபடி பார்க்கப் போகிறார்கள்?

மறு ஒளிபரப்பு என்ற வியாபாரமே அதன் பிறகுதான் பெரிதாகக் கிளம்பியது. பழைய எபிசோடுகளை அதே சி.பி.எஸ்.ஸுக்கு விற்றுப் பல லட்சம் டாலர் பார்த்தார்கள். 1957ல் ஒரு ஸ்டூடியோ விலைக்கு வந்தது. சுமார் 60 லட்சம் டாலர். லூசி நாலு வசனம் பேசிச் சம்பளம் வாங்கிய அதே ஆர்.கே.ஓ. வாங்கிப்போட்டார்கள்.

மூன்று கேமராக்கள் ஒரே சமயத்தில் ஓட, எதிரே ரசிகர்கள் உட்கார்ந்திருக்க, நாடகம் போல ஓடும் படப்பிடிப்பு. அதற்கு வெளிச்சம் அமைத்தவர் கார்ல் ஃப்ராயண்ட், ஜெர்மனியில் 'மெட்ரோபோலிஸ்' படத்துக்குக் கேமரா பிடித்தவர். எழுதியவர்களில் மேட்லின் ப்யூ என்ற பெண், லூசி செய்ய வேண்டிய சாகசங்களை முதலில் தானே செய்து பார்ப்பாராம், ஒரு பொம்பளையால் இது முடியுமா என்று. பக்கத்து வீட்டு எத்தலாக விவியன் வான்ஸ், எத்தலின் கணவர் ஃப்ரெட்டாக, விவியனைவிட 22 வயது மூத்த வில்லியம் ஃப்ராலி. கேமராவுக்கு வெளியே ஒருவரை ஒருவர் கண்டாலே ஆகாது.

போன மாதம் அம்மாவுக்கு அந்த சாக்லேட் காட்சியைப் போட்டுக் காட்டினேன். 1952 செப்டம்பரில் வந்தது. பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. லூசியும் எத்தலும் சாக்லேட் தொழிற்சாலையில் முதல் நாள் வேலைக்கு நிற்கிறார்கள். பெல்ட்டில் வரிசையாகச் சாக்லேட் வருகிறது, காகிதம் சுற்றி அனுப்ப வேண்டும். ஒன்று தவறினாலும் வேலை போய்விடும் என்று மேற்பார்வை அம்மாள் மிரட்டிவிட்டுப் போகிறார். வேகம் கூடுகிறது. வாய்க்குள் அடைக்கிறார்கள், தொப்பிக்குள், சட்டைக்குள். அம்மாள் திரும்பி வந்து பார்த்தால் பெல்ட் காலி. பிரமாதம் என்று பாராட்டிவிட்டு இன்னும் வேகமாக ஓட்டச் சொல்கிறார்.

அம்மா பூண்டைக் கீழே வைத்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வர வர சிரிப்பு. "தீப்பெட்டி ஆபீஸ்ல எங்க கணக்குப்பிள்ளையும் இப்படித்தான்டி. நல்லா பண்றீங்கன்னு சொன்னாருன்னா அன்னைக்கு வேலை கூடப்போகுதுன்னு அர்த்தம்" என்றார். கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் அம்மா அங்கே வேலை பார்த்தவர். அப்புறம் திரையைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "இந்தப் பிள்ளை கையைப் பாரு, பழகுன கை" என்றார். லூசி அந்தக் காட்சியில் பதறுவது முகத்தில்தான். விரல்கள் பதறவில்லை, கணக்காக வேலை செய்கின்றன. கீட்டனுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் யாராவது கொடுத்திருப்பார்களா தெரியவில்லை.

1952ல் லூசி மறுபடி கர்ப்பம். தொடரிலும் அப்படியே வைத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். ஆனால் 'கர்ப்பம்' என்ற சொல்லை டிவியில் உச்சரிக்கக் கூடாது என்று தடை. கதையை ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஒரு ப்ராட்டஸ்டன்ட் போதகர், ஒரு யூத ரபி மூவரும் படித்துப் பார்த்து ஒப்புதல் தந்தார்கள். லூசி கணவனிடம் சேதி சொல்லும் காட்சியில் இருவரும் நிஜமாகவே அழுதுவிட்டார்கள். முன்பு கரு கலைந்த வேதனையைப் பார்த்தவர்கள். அந்த அழுகை அப்படியே தொடரில் இருக்கிறது. 1953 ஜனவரி 19 அன்று தொடரில் குழந்தை பிறந்தது, அதே நாளில் நிஜத்திலும் மகன் பிறந்தான். சுமார் 4 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். மறுநாள் ஐசன்ஹோவர் அதிபராகப் பதவியேற்றதை டிவியில் பார்த்தவர்கள் 3 கோடிக்கும் குறைவு.

அதே வருஷம் செப்டம்பரில் அவரைக் கம்யூனிஸ்ட் என்று கிளப்பிவிட்டார்கள். 1936ல் சோஷலிஸ்ட் தாத்தாவின் மனம் கோணாமல் இருக்க கம்யூனிஸ்ட் கட்சியின் பெயரில் வாக்காளராகப் பதிவு செய்திருந்தார். அந்தக் காலத்தில் இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் எத்தனையோ பேர் பிழைப்பை இழந்தார்கள். அன்றிரவு படப்பிடிப்புக்கு முன் டெசி ரசிகர்கள் முன்னால் வந்து, லூசியிடம் சிவப்பாக இருப்பது தலைமுடி ஒன்றுதான், அதுவும் அசல் இல்லை என்றார். அரங்கம் சிரித்தது, ஆபத்து விலகியது. டெசியிடம் ஆயிரம் குறை உண்டு. குடி, பெண்கள், எல்லாம். 1960 மார்ச் 2ல் இருவரும் சேர்ந்து நடித்த கடைசி எபிசோடை எடுத்தார்கள். மறுநாள் லூசி விவாகரத்து மனு போட்டார். ஆனாலும் அந்த இரவில் மேடையேறி நின்றவனை என்னால் குறைத்துப் பேச முடியாது.

1962ல் டெசியின் பங்குகளை வாங்கி, இருவரும் சேர்ந்து தொடங்கிய டெசிலு ஸ்டூடியோவின் தலைவரானார் லூசி. அந்த அளவுக்குப் பெரிய ஹாலிவுட் ஸ்டூடியோவை நடத்திய முதல் பெண். 'ஸ்டார் ட்ரெக்', 'மிஷன் இம்பாசிபிள்' தொடர்கள் அவர் காலத்தில் அங்கே பிறந்தவை. இதை வைத்தும் தனியாக ஒரு கார்டு சுற்றுகிறது, 'ஸ்டார் ட்ரெக்கை உருவாக்கியவர் லூசி' என்று. கிடையாது. உருவாக்கியவர் ஜீன் ராடன்பெரி. லூசி செய்தது அதற்குப் பணம் போடும் முடிவுக்குத் தலையாட்டியது. அதுவே பெரிய காரியம்தான், எதற்கு ஊதவேண்டும்? ஒருபக்கம் இந்த முடிவுகள். மறுபக்கம் கேமரா முன்னால் வங்கி மேனேஜரிடம் திட்டு வாங்கும் விதவையாக வாராவாரம் ஏணியிலிருந்து விழுந்துகொண்டிருந்தார். 1967ல் கம்பெனியை விற்றுவிட்டார்.

கடைசி அத்தியாயம் கார்டுக்காரர்களுக்குச் சுத்தமாகப் பிடிக்காது. 1986ல், 75 வயதில், புதிய டிவி தொடர். ஓடவில்லை. 13 எபிசோடுகள் எடுத்தார்கள், எட்டோடு நிறுத்திவிட்டார்கள். மனம் தளராமல் முயன்றவர்தான், தோற்றார். அந்த டிசம்பர் 2ஆம் தேதி டெசி இறந்துபோனார்.

ஐந்து நாள் கழித்து வாஷிங்டனில் லூசிக்குக் கென்னடி சென்டர் கௌரவம் என்ற வாழ்நாள் கலை விருது. டெசி முன்பே எழுதி வைத்திருந்த குறிப்பை நடிகர் ராபர்ட் ஸ்டாக் மேடையில் வாசித்தார். தொடரின் வெற்றியில் 90 சதவீதம் லூசிக்கு, மிச்சம் 10 சதவீதத்தை மற்ற எல்லோரும் பிரித்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார் டெசி. நானும் விவியனும் ஃப்ரெட்டும் வெறும் ப்ராப்பர்ட்டிதான், ஆனால் சும்மா சொல்லக்கூடாது, நல்ல ப்ராப்பர்ட்டி என்றும். கடைசியில் ஒரு பின்குறிப்பு: 'ஐ லவ் லூசி' என்பது ஒருபோதும் வெறும் தலைப்பாக இருந்ததில்லை. பால்கனியில் உட்கார்ந்திருந்த லூசி கண்ணீரை அடக்கப் பார்ப்பது வீடியோவில் தெரிகிறது.

அந்த 90க்கு 10 கணக்கில் மட்டும் எனக்கு டெசியோடு உடன்பாடு இல்லை. சித்தப்பாவுக்கு அந்த வீடியோவை அனுப்பியிருக்கிறேன், இன்னும் நீல டிக் வரவில்லை.