படத்தில் இருப்பது வல்லூறு இல்லை

“கோழிக்குஞ்சு தூக்கும் வல்லூறு, கண்டால் விரட்டுங்கள்” என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. அது அக்காக்குயில்.

குழப்பம் வருவது நியாயம்தான். சாம்பல் முதுகு, பட்டை போட்ட வால், நாலு தடவை சிறகடித்துவிட்டு மிதக்கும் பறத்தல் எல்லாம் அப்படியே வல்லூறு. சின்னக் குருவிகளே பார்த்துப் பதறும்!

அலகைப் பெரிதாக்கிப் பாருங்கள். வல்லூறுக்குக் குட்டையாக, கொக்கிபோல் வளைந்திருக்கும். படத்திலுள்ளது ஒல்லியாக, கிட்டத்தட்ட நேராக இருக்கிறது. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் வேறு. கால்விரல்கள் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. வல்லூறுக்கு முன்னால் மூன்று, பின்னால் ஒன்று.

அக்காக்குயிலுக்கு முக்கிய உணவு கம்பளிப்பூச்சி. குஞ்சைத் தூக்கும் அளவுக்கு வலுவான நகம் அதற்குக் கிடையாது. அதன் திருட்டுத்தனம் வேறு: தவிட்டுக்குருவி கூட்டில் முட்டையிட்டுவிட்டு நழுவிவிடும்.